மாடிப் பூச்செடிகளுக்குத் தென்னை நார்க்கழிவுக் கட்டி: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

மொட்டை மாடியில் பூச்செடி வளர்க்கத் தொடங்கும் எவரும் ஏதோ ஒரு கட்டத்தில், கோகோபீட் என்ற பெயரில் விற்கப்படும் தென்னை நார்க்கழிவுக் கட்டியை வாங்கியே தீருகிறார்கள். உரக்கடை, நாற்றுப் பண்ணை, இணையம் என எங்கும் கிடைக்கும் இந்த ஐந்து கிலோக் கட்டியை, சென்னைப் புறநகரில், ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரை மட்டுமே நம்பியிருக்கும் எங்கள் மாடியில், குண்டுமல்லி, ரோஜா, கனகாம்பரம், செண்டுமல்லி, டேபிள் ரோஸ் ஆகிய செடிகளுக்குப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டு விற்பனையாளர்களிடம் வாங்கிய கட்டிகள் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தும் செடிகளிடம் காட்டிய குணத்தில் வெகுவாக வேறுபட்டன என்பதால், வாங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று இதை விரிவாகவே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மாடிப் பூச்செடிக்கான கலவையில் பாதியாக இருக்க இது மிகத் தகுதியான பொருள், மண்ணுக்கு முழு மாற்று என்று உறையில் அச்சிட்டு விற்பதை மட்டும் ஏற்க இயலாது.

தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கான நாரைப் பிரித்தெடுக்கும்போது உதிரும் பழுப்புத் தூளே இந்தக் கட்டியின் மூலப்பொருள். பொள்ளாச்சி வட்டாரத்துக் கயிற்று ஆலைகளின் ஓரங்களில் ஒரு காலத்தில் மலைபோல் குவிந்து கிடந்து, மழைக்காலத்தில் சாயம் இறங்கி, யாருக்கும் வேண்டாத கழிவாக இருந்த அதே தூள், இன்று இயந்திரத்தால் அழுத்தப்பட்டுக் கப்பலேறி வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்கும் போகிறது. ஐந்து கிலோக் கட்டியை அகன்ற தொட்டியில் வைத்து இருபது, இருபத்தைந்து லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றினால், அது உப்பி ஏறத்தாழ எழுபது லிட்டர் கொள்ளளவுக்கு வருகிறது. நான் வாங்கிய இரு வகையிலும் இந்தக் கணக்கு பொய்க்கவில்லை. ஒன்றில் நார்த் துண்டுகள் சற்று அதிகம். அதை நான் குறையாகக் கருதவில்லை. தூள் மிகவும் நுண்மையாக இருந்தால் வேருக்குக் காற்று போகாது. நாரும் சிறு சில்லுகளும் கலந்திருப்பதே தொட்டிக்கு நல்லது.

மாடிக்கு இதைத் தேர்ந்தெடுப்பதற்கான முதற்காரணம் எடை. ஈரமான செம்மண் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் இருக்கும். இருபது லிட்டர்ப் பையை மண்ணால் நிரப்பினால் முப்பது கிலோவைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட பைகளை வரிசையாக அடுக்கத் தளத்துக்கும் வலு வேண்டும், வெயில் திரும்பும்போது அவற்றை நகர்த்துகிற நம் முதுகுக்கும் வலு வேண்டும். நார்க்கழிவைப் பாதி கலந்த பையை நடுத்தர வயதுள்ள ஒருவர் தனியாகவே இழுத்து வைக்கலாம். தன் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும் குணமும் இதற்கு உண்டு. அக்னி நட்சத்திர வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காய்ந்து செடி தலை சாய்க்கும் காட்சி, நார்க்கழிவு கலந்த பைகளில் கணிசமாகக் குறைந்தது.

இனி உப்பு. வாங்குகிறவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியதும், விற்கிறவர்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் இதுதான். தென்னை மரம் இயல்பாகவே சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மட்டையில் சேர்த்து வைக்கிறது. உவர்நீரில் மட்டையை ஊறவைத்து நார் எடுத்திருந்தால் உப்பு மேலும் கூடும். ஏற்றுமதித் தரத்தில் தூளை நன்னீரால் பலமுறை அலசி, கரைந்த உப்பின் அளவை உணர்த்தும் மின்கடத்து திறன் குறைவாக இருக்கிறது என்று சோதித்த பின்பே அழுத்துகிறார்கள். உள்ளூர்ச் சந்தைக்கு வருவது பெரும்பாலும் இந்த அலசல் போதாத சரக்கு. நான் வாங்கிய இரண்டில் ஒன்றின் உறையில், கழுவத் தேவையில்லை, அப்படியே பயன்படுத்தலாம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஊறவைத்துப் பிழிந்தால் கட்டன் தேநீர் நிறத்தில் சாறு இறங்கியது. குடிநீர் சுத்திகரிப்புக் கருவி பொருத்த வருகிறவர்கள் வைத்திருக்கும், கரைந்த உப்பைக் காட்டும் பேனா வடிவக் கருவியை அந்தச் சாற்றில் வைத்தபோது, நாங்கள் ஊற்றிய கிணற்று நீரைவிட மிக உயர்ந்த அளவைக் காட்டியது. மற்றொரு கட்டியில் இந்த வேறுபாடு சிறிதளவே இருந்தது. அலசுவதை எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்துகொள்ளவும் அந்தக் கருவியே போதும்: பிழிந்த நீரில் அது காட்டும் அளவு ஊற்றிய நீரில் காட்டும் அளவை நெருங்கிவிட்டால் அலசல் முடிந்தது. கருவி இல்லாதவர்கள் நிறம் வெளிறும் வரை அலசலாம். ஆனால், நிறம் தருவது டானின் என்ற துவர்ப்புப் பொருளேயன்றி உப்பு அன்று என்பதால், நிறத்தை மட்டும் நம்புவது முழுப் பாதுகாப்பு ஆகாது.

அலசிய பிறகும் தூளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும், நாம் பின்னர் கொடுக்கும் கால்சியத்தைத் தூள் பிடித்துக்கொள்ள இடம்விட்டுத் தாங்கள் வெளியேறும் இயல்புடையவை. இதனால் தொடக்க வாரங்களில் செடிக்குக் கால்சியம் கிட்டாமல் இளந்தளிரின் நுனி கருகலாம். பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் தூளை ஊறவைத்துப் பதப்படுத்துவது இதற்காகத்தான். எங்கள் கிணற்று நீரிலேயே கால்சியம் நிறைந்திருப்பதால் இந்தக் குறை எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. குளியலறைக் குழாயில் வெள்ளைப் படலமாகப் படிந்து எரிச்சலூட்டும் அதே நீர் மாடியில் ஓர் உதவி செய்கிறது. அதற்கான விலையை மல்லிகையிடம் வசூலித்தும் விடுகிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

விதை முளைக்க வைப்பதற்கு இந்தப் பொருளுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். செம்மண்ணில் விதைத்தால் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க மேற்பரப்பு இறுகி ஓடுபோல் ஆகிவிடும். முளை அதை முட்டிக்கொண்டு வரத் திணறும். நார்க்கழிவில் செண்டுமல்லி விதை ஒரு வாரத்துக்குள் சீராக முளைத்தது. நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுபடாமல் தூளோடு எழுந்து வந்தது. நட்டு ஒரு மாதம் ஆனதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் பூவும் பெருகும். மாடித் தோட்டத்தில் முதல் மகிழ்ச்சி வேண்டுமென்றால் செண்டுமல்லியிலிருந்து தொடங்குங்கள் என்பேன். அது எந்தக் கலவையையும் பெரிதாகக் குறைசொல்லாத செடி.

ரோஜா அப்படியன்று. நாற்றுப் பண்ணையிலிருந்து பூவும் மொட்டுமாக வாங்கி வந்த ரோஜா, இருந்த மொட்டுகளை எல்லாம் மலர்த்திவிட்டு, அடுத்த தளிரை விடாமலே கிளை கிளையாகக் கருகிச் சாவது அநேகமாக எல்லா வீடுகளிலும் நடக்கும் கதை. இதற்குப் பலரும் கைராசியைக் குறைசொல்கிறார்கள். உண்மைக் காரணம் பெரும்பாலும் அந்தச் செடியின் அடியில் உள்ள களிமண் உருண்டையில் இருக்கிறது. ஆந்திரத்தின் கடியம் போன்ற நாற்றங்கால் ஊர்களிலிருந்து லாரியில் நெடுந்தூரம் வரும் செடிகளின் வேரைக் களிமண்ணால் பொதிந்து அனுப்புவது வழக்கம். வழியில் ஈரம் காயாமலும் வேர் அசையாமலும் இருக்க அது நியாயமான ஏற்பாடே. அந்த உருண்டையை அப்படியே நார்க்கழிவு நிரம்பிய பைக்குள் இறக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஊற்றும் தண்ணீர் எளிதான வழியான தூளுக்குள் பரவிவிடுகிறது. நடுவிலுள்ள களிமண்ணோ ஒருமுறை காய்ந்து இறுகினால் பின் எளிதில் நனைவதில்லை. பையைத் தொட்டால் ஈரம், செடியைப் பார்த்தால் வாட்டம். ஈரம் இருக்கிறதே என்று தண்ணீரை நிறுத்தினால் உருண்டை மேலும் காயும். வாடுகிறதே என்று ஊற்றினால் சுற்றியுள்ள தூள் சேறாகும்.

ஆகவே, ரோஜாவை நடுவதற்கு முன் வேர்ப்பகுதியை ஒரு வாளித் தண்ணீரில் நன்கு ஊறவிட்டு, வெளிப்புறக் களிமண்ணை விரலால் மெல்லக் கரைத்து எடுத்து, உள்வேரை அசைக்காமல் நடவேண்டும். கலவையிலும் செம்மண்ணைச் சேர்த்துவிட்டால் உருண்டைக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு குறைந்து, தண்ணீர் இரண்டிலும் ஒரே சீராக இறங்கும். நார்க்கழிவு, செம்மண், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் போட்ட பைகளில்தான் எங்கள் ரோஜாக்கள் நிலைத்தன. முழுக்க நார்க்கழிவில் வைத்தவை இலை சிறுத்து, மஞ்சள் பூத்து நின்றன. ஒட்டுக்கட்டிய ரோஜாவில் ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் முரட்டுத் தளிரை உடனுக்குடன் கிள்ளி எறிய வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது காட்டுவேரின் தளிர். அதன் வேகத்தைக் கண்டு மகிழ்ந்து விட்டுவைத்தால் நாம் காசு கொடுத்து வாங்கிய ரகம் காணாமல் போய்விடும். பட்டன் ரோஜா, பன்னீர் ரோஜா போன்றவை இந்த வெயிலுக்கு எளிதில் பழகுகின்றன. ஓசூர்ப் பசுமைக்குடில்களில் காண்பதுபோன்ற நீண்ட தண்டுப் பூவை மாடியில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அதற்கு நார்க்கழிவைக் குறைசொல்லவும் கூடாது.

குண்டுமல்லியே இந்த மாடியின் அரசி என்பதால் அதைப்பற்றிச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். தமிழகம் முழுவதற்கும் மல்லிகைப் பதியன்களை அனுப்பும் ஊர் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம். மதுரை மல்லி என்று 2013 இல் புவிசார் குறியீடு பெற்ற பூவின் செடிகளிலும் பெரும்பகுதி அந்தப் பக்கத்துப் பதியன்களிலிருந்து வந்தவையே. கடலோர மணற்பாங்கில் வேர்விட்ட பதியன் என்பதால் வடிகால் நன்றாக உள்ள இடத்தையே அது விரும்புகிறது. நார்க்கழிவு மிகுந்த பையில் எங்கள் மல்லிகை அடர்ந்து, பச்சைப் பசேலென்று கொடியோடி வளர்ந்ததே தவிர, மொட்டுவைக்கத் தயங்கியது. எப்போதும் ஈரத்திலேயே இருக்கும் மல்லிகை இலையாகவே பெருகும் என்று பூ விவசாயிகள் சொல்வதை அதில் கண்ணாரக் கண்டேன். நார்க்கழிவைக் கலவையில் மூன்றிலொரு பங்காகக் குறைத்து, ஆற்றுமணலும் தொழுவுரமும் கூட்டியபின் நிலைமை மாறியது.

தோட்டக்கலைத் துறையினர் குண்டுமல்லியை நவம்பர் இறுதி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்யச் சொல்வார்கள். பூ புதுத் தளிரின் நுனியில்தான் வரும் என்பதால், பசுமையாக நிற்கும் செடியை வெட்ட மனம் வராதவர்களுக்குப் பூவும் வராது. வெட்டி, சில நாள் தண்ணீரைக் குறைத்து, பிறகு உரமிட்டு நீர் பாய்ச்சினால் மார்ச்சு தொடங்கிக் கோடை முழுவதும் மொட்டுகள் விடாமல் வரும். இங்கே நார்க்கழிவு சிறிது தொல்லை தருகிறது: தண்ணீரை நிறுத்தினாலும் அது தேக்கிவைத்த ஈரத்தை மெல்லவே விடுவதால், மண் தொட்டியில் கிடைக்கும் அந்தக் குறுகிய காய்ச்சல் இதில் தாமதமாகிறது.

மேலே சொன்ன கடினநீரின் விலை இதுதான்: அந்த நீர் கலவையின் காரத்தன்மையை மெல்ல உயர்த்துகிறது, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது, புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வெளிறுகின்றன. நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும், இரும்புச்சத்துள்ள உப்பான அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து இலைமேல் தெளித்தால் அடுத்த தளிரிலேயே பச்சை திரும்பிவிடுகிறது. நார்க்கழிவு இயல்பில் சற்றுப் புளிப்புத் தன்மை உடையது என்றாலும், கடினநீரைத் தொடர்ந்து ஊற்றிவந்தால் அந்த நன்மை நீடிப்பதில்லை. மொட்டுகள் ஊதாநிறம் ஏறி, அடிப்பகுதி வீங்கி, மலராமலே உதிர்ந்தால் அது மொட்டு ஈயின் வேலை. அதன் புழு கீழே விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும் என்பதால் உதிர்ந்த மொட்டுகளை அன்றன்றே பொறுக்கி அகற்ற வேண்டும். மேல் மண்ணையும் சற்றுக் காயவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மேற்பரப்பு விரைவில் காயும் நார்க்கழிவு நமக்குத் துணையாகவே நிற்கிறது.

இத்தனை பாடும் பட்டபின் ஒரு சித்திரை மாத மாலையில் வெயில் தாழ, விரியப்போகும் கனத்த வெண்மொட்டுகளை ஒரு கைப்பிடி பறித்து வாழைநாரில் தொடுத்தால் அரை முழம் தேறலாம். கடைத்தெருவில் அதைச் சில்லறைக் காசுக்கு வாங்கிவிடலாம் என்று வீட்டில் கணக்குச் சொல்பவர்கள் சொல்லட்டும். முகூர்த்த நாட்களிலும் பொங்கலை ஒட்டியும் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விலை ஏறும்போது, அந்தக் கணக்கைக் கேட்பவர்களே படியேறி மாடிக்கு வந்து நிற்பதையும் பார்க்கிறோம். பனிக்காலத்தில் நம் செடியிலும் பூ இராது என்பது வேறு விஷயம்.

கனகாம்பரத்துக்கு இந்தக் கட்டி உண்மையிலேயே பெரிய உதவி. கனகாம்பரம் வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கு எளிதில் இரையாகும் செடி. தோட்டத்து மண்ணைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டால் நூற்புழுவும் கூடவே வந்துவிடும். நார்க்கழிவில் அந்த அச்சம் இல்லை. பகுதி நிழலிலும் பூக்கும் டெல்லி கனகாம்பரத்தின் தண்டுத் துண்டை அலசிய தூளில் ஊன்றி வைத்தாலே வேர் பிடிக்கிறது. அது விதை கட்டாத ரகம் என்பதால் பெருக்குவதற்கு இதுவே வழி. டேபிள் ரோஸ் இதற்கு நேர்மாறு. வெயில் ஏறியபின் பத்து மணியளவில் வண்ணம் வண்ணமாக விரிந்து மனத்தை நிறைக்கும் அந்தச் செடி, சதைப்பற்றுள்ள தண்டில் தானே நீரைச் சேமித்து வைத்திருப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நார்க்கழிவுத் தொட்டியில் இருந்தவை அழுகிப்போயின. மணல் கலந்த மண்ணில் இருந்தவை தப்பின.

தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை இந்தப் பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். மேலே வெளிர்ப்பழுப்பாகக் காய்ந்து தோன்றும்போதும் இரண்டு விரற்கடை ஆழத்தில் ஈரம் இருக்கும்; கண்ணை நம்பாமல் விரலைவிட்டுப் பார்ப்பதே சரியான அளவுகோல். எந்நேரமும் ஈரமாக வைத்திருந்தால் சிறு கருநிறக் கொசு போன்ற ஈக்கள் பெருகி, அவற்றின் புழுக்கள் நாற்றுகளின் மெல்லிய வேரைக் கடிக்கும். சில நாட்களில் குடைக்காளான் முளைப்பதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அதனால் செடிக்குத் தீங்கு இல்லை.

உணவு என்று பார்த்தால், உறையில் என்ன எழுதியிருந்தாலும், இதில் பொட்டாசியத்தைத் தவிரக் குறிப்பிடத்தக்க சத்து எதுவும் இல்லை. மக்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூறுக்கு ஒன்றைத் தாண்டும். அதை மக்கவைக்க முயலும் நுண்ணுயிர்கள் செடிக்கென்று நாம் இடும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்கின்றன. மண்ணில்லாமல் இதில் மட்டும் நட்ட செடி மஞ்சளாவதற்கு இதுவும் ஒரு காரணம். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்கவைத்தால் அந்த விகிதம் 24க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கும் என்று வேளாண் பல்கலைக்கழகத்தார் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அப்படி மக்கிய நார்க்கழிவு உரம் கிடைத்தால் அழுத்திய கட்டியைவிட அதையே பூச்செடிக்கு வாங்கலாம். கட்டியைத்தான் வாங்குவது என்றால், பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புளிக்கவைத்த கடலைப்புண்ணாக்குக் கரைசலோ லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்வியமோ ஊற்றுவதற்குச் சோம்பக் கூடாது.

எல்லாக் குற்றத்தையும் கலவையின் தலையில் கட்டுவதும் முறையன்று. பக்கத்து வீட்டார், நார்க்கழிவு கலந்த தொட்டியில் வைத்த சாமந்தி ஓங்கி வளர்ந்தும் பூக்கவேயில்லை என்று கட்டியைக் குறைகூறினார்கள். சாமந்தி இரவு நீளும் பருவத்தில் மொட்டுவைக்கும் செடி. அவர்கள் தொட்டியோ விடிய விடிய எரியும் மாடிப்படி விளக்கின் நேர்கீழே இருந்தது. இருட்டான மூலைக்கு மாற்றச் சொன்னேன், மொட்டு வந்துவிட்டது.

விலைக்கும் பொருளுக்கும் வருவோம். ஐந்து கிலோக் கட்டியின் விலை கடைக்குக் கடை மாறுகிறது. இணையத்தில் வாங்கினால் கனத்தின் காரணமாக அனுப்பும் செலவும் அதில் ஏறிவிடுகிறது. ஆகவே, பக்கத்து உரக்கடையில் கிடைத்தால் அங்கேயே வாங்குவது மேல். அங்கே உடைந்த கட்டியிலிருந்து ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, வீட்டில் ஊறவைத்து உப்பைச் சோதித்துவிட்டுப் பிறகு முழுதாக வாங்கவும் முடிகிறது. இணையத்தில் அதற்கு வழியில்லை. விற்பனையாளர் பெயர்களை நான் குறிப்பிடாததற்குக் காரணம், ஒரே உறையில் இந்த மாதம் வரும் சரக்கும் அடுத்த மாதம் வரும் சரக்கும் ஒரே ஆலையினுடையதாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பதே. குறைந்த மின்கடத்து திறன், அலசியது என்று உறையில் அளவோடு அச்சிட்டிருப்பதற்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம். இயற்கையானது, சத்து நிறைந்தது என்று மட்டும் எழுதியிருப்பதற்குக் கொடுக்க வேண்டாம்.

இரண்டு மூன்று தொட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய கட்டி தேவையில்லை; 650 கிராம் அளவில் வரும் சிறு செங்கல் வடிவக் கட்டியே போதும், அலசுவதும் எளிது. தரையில் தோட்டம் உள்ளவர்கள் இதற்குச் செலவழிக்க வேண்டிய தேவையே இல்லை. மாடியில் பத்துப் பைகளுக்கு மேல் வைக்க எண்ணுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை என்று மதிப்பிடுகிறேன். அலசாத சரக்காக இருந்தால் அதில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்துப் பையில் கலவை இறங்கிப்போயிருந்தால் தூளை எறிந்துவிடாமல், வேர்களை நீக்கி, தண்ணீர்விட்டு ஒருமுறை நன்றாக அலசி, புதிய தொழுவுரம் சேர்த்து மறுபடி நிரப்பலாம். இரண்டாம் ஆண்டுத் தூள் உப்பு நீங்கி, ஓரளவு மக்கியும் இருப்பதால், புதிய கட்டியைவிடச் செடிக்கு ஒத்துப்போகிறது.